எச்சரிக்கை எத்தனை நாள் முன்னால் வரும்? நான்கு மோட்டர்களுக்கு சென்சர் தேடிய கதை

போன மாதம் மூன்று கொட்டேஷன்கள் என் மேசைக்கு வந்தன. ஒன்று, பேரிங் அதிர்வைப் பார்க்கும் கம்பிவழி சென்சர்கள். இரண்டாவது, பேட்டரியில் ஓடும் வயர்லெஸ் சென்சர்கள், மாதச் சந்தாவோடு. மூன்றாவது, வைண்டிங்கின் (மோட்டருக்குள் சுற்றிய செம்புச் சுருளின்) மின்காப்பு கெட்டுப்போவதை முன்கூட்டியே காட்டும் கப்ளர்கள். மூன்றையும் வாங்கக் காசில்லை. கொண்டுவந்தவர்களோ, தங்கள் சாமானைப் பொருத்தாவிட்டால் மோட்டர் நாளைக்கே எரிந்துவிடும் என்ற மாதிரிக் கதைத்துவிட்டுப் போனார்கள்.

எங்களிடம் இருப்பவை நான்கு பெரிய மோட்டர்கள். இரண்டு 11 கிலோவோல்ட், 1,400 கிலோவாட், எண்ணெயில் மிதக்கும் ஸ்லீவ் பேரிங். மற்ற இரண்டும் 3.3 கிலோவோல்ட், 400 கிலோவாட், குண்டும் உருளையும் வைத்த சாதாரண பேரிங். நான்கும் நான்கு துருவ மோட்டர்கள். நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,485 சுற்று. இடம் கொழும்பில், களனி ஆற்றுப் பக்கம். கடல்காற்றின் உப்பும் ஆற்றின் ஈரமும் ஒன்றாக வந்து சேரும் மூலை. டெர்மினல் பெட்டியைத் திறந்தால் பல்லி முட்டை இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது எங்கள் பழக்கம். சிரிக்க வேண்டாம், பல்லி விழுந்து ஷோர்ட் ஆன பெட்டியை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதற்கு எந்த சென்சரும் உதவாது. கேபிள் நுழையும் துளையை ஒழுங்காக அடைப்பதுதான் வழி.

இந்தத் தேர்வில் எனக்கு அளவுகோலாக இருப்பது 2022. அந்த வருடம் ஒரு போயா (பௌர்ணமி விடுமுறை) நாளில் 3.3 கிலோவோல்ட் மோட்டர் ஒன்றின் பின்பக்க பேரிங் இறுகி, சுழலும் ரோட்டர் போய், சுற்றி அசையாமல் நிற்கும் ஸ்டேட்டரில் உரசியது. அதற்கு இரண்டு கிழமைக்கு முன்பே எங்கள் போர்மன் அண்ணன் நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை பேரிங் மூடியில் வைத்து, பிடியைக் காதோடு அழுத்திக் கேட்டுவிட்டு, "தம்பி, இது கத்தத் தொடங்கிட்டுது. ரெண்டு மூண்டு கிழமை ஓடும். அதுக்கு மேல நான் பொறுப்பில்லை" என்று சொல்லியிருந்தார். சொன்னது சரிதான். ஆனால் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறிய காலம் அது. வங்கியில் கடன் கடிதம் திறக்க முடியவில்லை. உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் கிடைத்தது அதே எண் பொறித்த, ஆனால் நம்ப முடியாத பேரிங். அசல் வந்து சேர ஒன்பது கிழமை. எச்சரிக்கை இரண்டு கிழமை முன்னால் வந்தது. எங்களுக்குத் தேவைப்பட்டது ஒன்பது.

அன்றிலிருந்து ஒரு சென்சரைப் பார்க்கும்போது அது எவ்வளவு துல்லியம் என்று முதலில் கேட்பதில்லை. பழுது வரப்போகிறது என்று எத்தனை நாள் முன்னால் சொல்லும், அந்தப் பழுதைச் சரிசெய்ய எனக்கு எத்தனை நாள் தேவை, இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

ஏற்கெனவே மோட்டருக்குள் இருப்பதிலிருந்து தொடங்குவோம். 11 கிலோவோல்ட் மோட்டர்கள் இரண்டிலும் ஸ்டேட்டர் துளைகளில், மேல்சுருளுக்கும் கீழ்ச்சுருளுக்கும் நடுவில், ஆறு ஆர்டிடி (தடை மாறுவதை வைத்து வெப்பநிலை சொல்லும் சென்சர்) இருக்கின்றன. பிளாட்டினம் கம்பி: 0 பாகையில் 100 ஓம், 100 பாகையில் 138.5 ஓம். அதாவது ஒரு பாகைக்கு 0.4 ஓமுக்குச் சற்றுக் குறைவு. இந்தக் கணக்கை மனதில் வைத்திருப்பது நல்லது. ஒருமுறை ஒரே ஒரு ஆர்டிடி மட்டும் மற்றவற்றைவிடப் பத்துப் பாகை கூடுதலாகக் காட்டி எல்லோரையும் ஓட வைத்தது. போய்ப் பார்த்தால் டெர்மினல் ஸ்குரூவில் பச்சைப் பாசி பிடித்தது போல் துரு. அந்தத் துருவின் தடை 4 ஓம், அவ்வளவுதான். மூன்று கம்பி இணைப்பு கம்பியின் தடையைக் கழித்துவிடும். ஒரு கம்பியில் மட்டும் ஏறும் துருவை அதால் கழிக்க முடியாது.

வெப்பநிலை பொய் சொல்வது அரிது, ஆனால் பிந்திச் சொல்லும். குளிர்விப்பான் அடைபட்டது, சுமை கூடியது, மூன்று மின்பேஸ்களில் ஒன்று பலவீனமானது போன்றவற்றை நன்றாகப் பிடிக்கும். காப்புக்குள் நடக்கும் மெதுவான அரிப்பு அதற்குத் தெரியாது. ஸ்லீவ் பேரிங்கின் வெள்ளை உலோகத்துக்குள் பதித்த ஆர்டிடியும் அப்படித்தான்: எண்ணெய்ப் படலம் அறுந்தால் வெப்பம் ஏறும், ஆனால் ஏறத் தொடங்கியபின் கையில் இருப்பது நிமிடங்கள். அது மோட்டரை நிறுத்துவதற்கான சென்சர்; திட்டமிடுவதற்கானது அல்ல. இருந்தாலும் காசு செலவில்லாமல் அதிலிருந்து இன்னும் கொஞ்சம் கறக்கலாம். எஃப் வகுப்புக் காப்பு 155 பாகை வரை தாங்கும் என்று சொன்னாலும், 130க்குள் ஓட்டினால் ஆயுள் பல மடங்கு. ஒவ்வொரு பத்துப் பாகை கூடுதலுக்கும் காப்பின் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது பழைய, இன்னும் பொய்க்காத கணக்கு. ஆறு ஆர்டிடிகளின் வாசிப்பையும் சுமையோடு சேர்த்து ஒரே வரைபடத்தில் போட்டால், ஒன்று மற்றவற்றிலிருந்து விலகுவது மாதங்களுக்கு முன்பே தெரியும். இதற்கு கொட்டேஷன் தேவையில்லை, ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

இனி அதிர்வு. 1980களில் அமெரிக்காவின் ஈப்ரி ஆய்வு நிறுவனம் மின்நிலைய மோட்டர்களின் பழுதுகளைத் தொகுத்தபோது பேரிங் சார்ந்தவை ஏறத்தாழ 41 சதவீதம், ஸ்டேட்டர் 37, ரோட்டர் 10 என்று வந்தது. ஆகவே எந்தப் பட்டியலிலும் பேரிங் முதலில் நிற்பதில் தவறில்லை. ஆனால் பேரிங் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு உலகங்கள் இருக்கின்றன. கொட்டேஷன் கொண்டுவந்தவர் நான்கு மோட்டருக்கும் ஒரே சென்சரைப் போட்டிருந்தார். அங்கேதான் எனக்குச் சந்தேகம் தட்டியது.

குண்டு பேரிங்கில், ஓடுபாதையில் ஒரு சிறு பொட்டு பெயர்ந்தால், ஒவ்வொரு குண்டும் அதைக் கடக்கும்போது ஒரு தட்டு விழும். எட்டுக் குண்டுகள் உள்ள பேரிங், செக்கனுக்கு 24.75 சுற்று என்றால், வெளிப்பாதைப் பொட்டில் ஏறத்தாழ 79 தட்டு விழும் (சுற்று × குண்டு எண்ணிக்கை × 0.4 என்ற கைக்கணக்கு போதும்). ஒவ்வொரு தட்டும் உலோகத்தை மணிபோல் சில ஆயிரம் ஹேர்ட்ஸில் ஒலிக்கச் செய்யும். பழுது சிறிதாக இருக்கும்போது இந்த மேல் அதிர்வெண்ணில்தான் அது தெரியும். மொத்த அதிர்வு வேகத்தை மட்டும் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

4 முதல் 20 மில்லியாம்பியர் கொடுக்கும் மலிவான அதிர்வு டிரான்ஸ்மிட்டர் பார்ப்பது அந்த மொத்த வேகத்தைத்தான்: 10 முதல் 1,000 ஹேர்ட்ஸ் வரையான வேகம், ஒரே ஒரு எண்ணாக. ஐஎஸ்ஓ 20816 தரத்தின் எல்லைகளும் அந்த எண்ணுக்கானவை. 300 கிலோவாட்டுக்கு மேற்பட்ட, விறைப்பான அடித்தளத்தில் நிற்கும் இயந்திரத்துக்கு செக்கனுக்கு 2.3, 4.5, 7.1 மில்லிமீற்றர். 4.5ஐத் தாண்டினால் நீண்டநாள் ஓட்டுவதற்கு ஏற்றதல்ல, 7.1க்கு மேல் சேதம். சமநிலை கெட்டது, இணைப்பு நேர் விலகியது, அடித்தள போல்ட் தளர்ந்தது எல்லாம் இந்த எண்ணில் நன்றாகத் தெரியும். பேரிங் பொட்டு தெரியும் நேரத்தில் அது பொட்டாக இருக்காது, குழியாக இருக்கும். அதாவது எனக்கு மிஞ்சுவது அதே இரண்டு கிழமை. போர்மன் அண்ணனின் ஸ்குரூ டிரைவருக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. அண்ணன் சம்பளத்திலேயே அடங்குகிறார்.

ஆகவே 3.3 கிலோவோல்ட் மோட்டர்களுக்குச் சரியானது முழு அலையையும் தரும் அக்செலரோமீட்டர் (முடுக்கமானி), ஒரு ஜி-க்கு, அதாவது புவியீர்ப்பு அளவு முடுக்கத்துக்கு, 100 மில்லிவோல்ட் வகை. அதன் அலையை உறைநீக்கிப் பார்த்தால், அதாவது மேல் அதிர்வெண்ணுக்குள் ஒளிந்திருக்கும் தட்டுகளைப் பிரித்து எண்ணினால், வெளிப்பாதையா உட்பாதையா என்பதுகூடத் தெரியும். எச்சரிக்கை மாதக் கணக்கில் முன்னால் வரலாம். இந்த சென்சரில் எனக்குப் பிடித்த இன்னொரு குணம், அது தன் உடல்நலத்தைத் தானே சொல்வது. கம்பியில் மல்டிமீட்டரை வைத்தால் 12 வோல்ட் அளவில் நிற்க வேண்டும். 0 என்றால் ஷோர்ட், 24 என்றால் கம்பி அறுந்தது. எங்கள் ஈரத்தில் இது சும்மா கிடைத்த வரம்.

பொருத்துவதில்தான் பலர் காசை ஆற்றில் விடுகிறார்கள். அடிப்பாகத்தைச் சமன்செய்து, துளையிட்டு, மரை வெட்டி ஸ்டட்டில் முறுக்கினால் 10,000 ஹேர்ட்ஸ் அளவுவரை நம்பலாம். காந்தத்தில் ஒட்டினால் 2,000 ஹேர்ட்ஸ் தாண்டியதும் வாசிப்பு சந்தேகத்துக்குரியது. பெயின்டின் மேல் ஒட்டினால் அதுவும் இல்லை. விலையுயர்ந்த சென்சரை வாங்கி, காந்தத்தில் மாட்டி, பேரிங் பொட்டைத் தேடுவது மூக்குக் கண்ணாடியை நெற்றியில் போட்டுக்கொண்டு பத்திரிகை வாசிப்பது மாதிரி.

11 கிலோவோல்ட் மோட்டர்களின் ஸ்லீவ் பேரிங்கில் குண்டும் இல்லை, தட்டும் இல்லை. தண்டு எண்ணெய்ப் படலத்தில் மிதக்கிறது. படலம் அதிர்வை விழுங்கிவிடுகிறது. தண்டு உள்ளே ஆடிக்கொண்டிருக்க, வெளிக்கூடு அமைதியாக நிற்கலாம். இங்கே பொருத்தமானது தண்டைத் தொடாமல் அருகில் நின்று பார்க்கும் புரோக்சிமிட்டி புரோப். ஒரு பேரிங்குக்கு இரண்டு, ஒன்றுக்கொன்று 90 பாகையில். இடைவெளி ஒரு மில்லிமீற்றர் மாறினால் 7.87 வோல்ட் மாறும். இரண்டையும் சேர்த்தால் தண்டின் மையம் வரையும் வட்டமே திரையில் தெரியும். ஆனால் பேரிங் கூட்டில் துளை போட வேண்டும், புரோப் பார்க்கும் இடத்தில் தண்டின் மேற்பரப்பு கீறலும் காந்தத் திட்டும் இல்லாமல் இருக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டருக்குப் பிறகு வந்து செய்யும் வேலையல்ல. முழுதாகக் கழற்றும் ஓவர்ஹோலில் மட்டுமே. எங்கள் இரண்டிலும் பழைய புரோப் துளைகள் மூடியோடு இருந்ததால் இந்தச் செலவு பாதியானது. உங்களுடையதில் இல்லையென்றால், எண்ணெயைக் காலாண்டுக்கு ஒருமுறை சோதனைக்கு அனுப்புவதும் பேரிங் ஆர்டிடியும் சேர்ந்து பெரும்பகுதி வேலையைச் செய்துவிடும் என்பது என் எண்ணம்.

வயர்லெஸ் பற்றிக் கேட்பவர்கள் அதிகம் என்பதால் சொல்கிறேன்: அது கெட்ட சாமான் அல்ல, கூரை விசிறிகளுக்கும் எட்டாத இடத்தில் இருக்கும் சிறு பம்புகளுக்கும் நல்லது. ஆனால் பேட்டரியைக் காப்பாற்ற அது பெரும்பாலான நேரம் தூங்கும். சில மணிக்கொருமுறை எழுந்து கொஞ்சம் பார்த்துவிட்டு மறுபடி தூங்கும். எழும் நேரத்தில் மோட்டர் நிறுத்தியிருந்தால் அந்த வாசிப்பு வீண். எங்கள் பம்பு அறையோ கீழ்த்தளம், கனமான கொங்கிரீட் சுவர். சிக்னல் சோதித்துப் பார்த்த அன்று மூலை மோட்டர் மூன்று முறைக்கு ஒரு முறைதான் பதில் சொன்னது. சந்தாவும் டொலரில்.

மூன்றாவது கொட்டேஷன்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. உயர் அழுத்த வைண்டிங்கின் காப்பு மைக்காவும் எப்பொக்சியும். அதற்குள் சிறு வெற்றிடங்கள் உருவானால், அங்கே மின்புலம் கூடிச் சின்னச் சின்ன மின்பொறிகள் பறக்கும். பகுதி மின்னிறக்கம் என்பது இதுதான், தொழிலில் ஆங்கில எழுத்துகளால் பி.டி. என்று சுருக்கிவிடுவோம். மைக்கா பொறுமைசாலி, இந்தப் பொறிகளை வருடக்கணக்கில் தாங்கும். அதனால்தான் எச்சரிக்கையும் மாதங்கள், சில சமயம் வருடங்கள் முன்னால் வருகிறது. எல்லா சென்சர்களிலும் நீளமான தவணை கொடுப்பது இது.

இதன் கப்ளர் எளிமையான, ஆனால் அழகான சாமான்: 80 பிக்கோஃபாரட் கொண்ட ஒரு கொள்ளளவி, டெர்மினல் பெட்டிக்குள் பேஸ் ஒன்றுக்கு ஒன்று. 50 ஹேர்ட்ஸ் மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை ஏறத்தாழ 4 கோடி ஓம். 11 கிலோவோல்ட்டில்கூட ஒரு மில்லியாம்பியரில் ஆறிலொரு பங்குதான் அதில் போகும். ஆனால் 40 மெகாஹேர்ட்ஸ் துடிப்புக்கு வெறும் 50 ஓம். மின்சாரம் வாசலிலேயே நிற்க, பொறியின் ஓசை மட்டும் உள்ளே வருகிறது. வரும் துடிப்புகள் நேரா எதிரா என்று பார்த்தும் கொஞ்சம் ஊகிக்கலாம்: எதிர்த்துடிப்பு மேலோங்கினால் பழுது செம்பின் பக்கம், நேர்த்துடிப்பு மேலோங்கினால் துளையின் சுவர்ப் பக்கம், இரண்டும் சமமென்றால் காப்பின் நடுவில்.

ஆனால் ஒரு தனி எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. முதல் வாசிப்பு எவ்வளவு என்பதைவிட, ஆறு மாதத்தில் அது இரட்டிப்பானதா என்பதே கேள்வி. அதிலும் சுமை, வெப்பநிலை, ஈரப்பதம் மூன்றையும் ஒவ்வொரு முறையும் எழுதிவைக்க வேண்டும். மே மாத மழையில் எடுத்ததையும் பெப்ரவரி வெயிலில் எடுத்ததையும் ஒப்பிட்டு வைண்டிங் தேறிவிட்டது என்று சந்தோஷப்பட்டவர்களை எனக்குத் தெரியும். 3.3 கிலோவோல்ட் மோட்டருக்கு இது வீண்செலவு. பேஸுக்கும் பூமிக்கும் இடையே 1.9 கிலோவோல்ட்தான், பொறி பறக்கும் வாய்ப்பே குறைவு. வேக மாற்றி டிரைவில் ஓடும் மோட்டருக்கும் யோசிக்க வேண்டும், டிரைவின் சுவிட்சிங் இரைச்சல் எல்லாவற்றையும் மூடிவிடும். எங்கள் 11 கிலோவோல்ட் மோட்டர்கள் நேரடியாக லைனில் ஓடுபவை. அவற்றின் வைண்டிங் எரிந்தால் புதிய சுருள்கள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், அதுவும் மாதக் கணக்கு. ஆக நீண்ட தவணை தரும் சென்சர், நீண்ட தவணை கேட்கும் பழுதுக்கு. இங்கே கணக்கு பொருந்துகிறது.

கொட்டேஷனில் யாருமே போடாத ஒன்று ரோட்டர். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாள் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போனது நினைவிருக்கும். அந்த மாதங்களில் எங்கள் மோட்டர்கள் நின்று நின்று தொடங்கின. ஒவ்வொரு தொடக்கத்திலும் ஐந்து ஆறு மடங்கு மின்னோட்டம். ரோட்டர் கம்பிகள் சூடாகி நீண்டு சுருங்கும். குளிர்ந்த நிலையில் தொடர்ந்து இரண்டு, சூட்டில் ஒன்று என்பதே பொதுவான அனுமதி. நாங்கள் அதை மதித்தோம் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

உடைந்த ரோட்டர் கம்பியைக் காண மோட்டருக்குள் எதையும் வைக்கத் தேவையில்லை. பாதுகாப்பு சிடியின் (மின்னோட்டத்தைச் சிறிதாக்கித் தரும் மின்மாற்றியின்) இரண்டாம்பக்கக் கம்பியில் ஒரு சிறிய கிளாம்பைக் கவ்விவிட்டு அலையைப் பிரித்தால் போதும் (கம்பியைக் கழற்றவே கூடாது, திறந்த சிடி ஆளைக் கொல்லும்). காந்தப்புலம் 1,500 சுற்றுச் சுற்ற ரோட்டர் 1,485 என்றால், அது பிந்தும் அளவு, அதாவது நழுவல், ஒரு சதவீதம். கம்பி உடைந்திருந்தால் 50 ஹேர்ட்ஸுக்கு இருபுறமும் 49இலும் 51இலும் இரண்டு குட்டிகள் நிற்கும். குட்டி தாயைவிட 54 டெசிபெல் கீழே என்றால் நிம்மதி, 45க்குள் வந்துவிட்டால் கவலை. பாதிச் சுமைக்கு மேல் ஓடும்போது எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் குட்டிகள் தாயோடு ஒட்டிக்கொண்டு தெரியாது. வருடத்துக்கு இரண்டு முறை வாடகைக்கு ஆளைக் கூப்பிட்டு எடுத்தாலே போதும். நான்கு மோட்டரையும் ஒரு காலையில் முடித்தோம். ஒன்றில் 47 வந்திருக்கிறது, அதைத் தனியாகக் கவனிக்கிறோம்.

மற்ற சென்சர்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ரோட்டருக்கும் ஸ்டேட்டருக்கும் நடுவே பார்க்கும் காற்றிடைவெளி சென்சர் விக்டோரியா நீர்மின் நிலையத்தின் 70 மெகாவாட் அலகுகள் போன்ற, மெதுவாகச் சுழலும் அகன்ற நீர்மின் இயந்திரங்களுக்கானது. காந்தப்பாயத்தைப் பார்க்கும் ஆய்வுச் சுருள் ரோட்டரில் வைண்டிங் உள்ள ஜெனரேட்டருக்கு. வைண்டிங் முனைகளின் 100 ஹேர்ட்ஸ் ஆட்டத்தைப் பார்க்கும் ஒளியிழை அக்செலரோமீட்டர் பெரிய டர்பைன் ஜெனரேட்டர்களுக்கு. எங்கள் அளவில் அவற்றை வாங்குவது சைக்கிளுக்கு ஏர்பேக் வைப்பது.

கடைசியில் எடுத்த முடிவு இது. 11 கிலோவோல்ட் இரண்டுக்கும் கப்ளர்களும் பழைய துளைகளில் புரோப்களும், அடுத்த ஓவர்ஹோலிலேயே. 3.3 கிலோவோல்ட் மோட்டர்களில் ஸ்டட்டில் முறுக்கிய அக்செலரோமீட்டர், பக்கத்துச் சுவரில் ஒரு ஜங்ஷன் பெட்டி. மாதம் ஒருமுறை கையடக்கக் கருவியைச் செருகி அலையை எடுக்க. நாள் முழுதும் கண்காணிக்கும் சிஸ்டத்தை இந்த இரண்டுக்கும் வெட்டிவிட்டேன். அந்தக் காசில் இரண்டு பக்கத்துக்கும் அசல் பேரிங் ஒரு சோடி வாங்கி ஸ்டோரில் வைத்தாயிற்று. ஒன்பது கிழமைத் தவணை பூச்சியமாகிவிட்டதால், அண்ணனின் ஸ்குரூ டிரைவர் தரும் இரண்டு கிழமையே இப்போது தாராளம்.

ஸ்டோர்கீப்பர் அவற்றை நிமிர்த்தி, கொம்பிரசர் நிற்கும் அறையின் தட்டில் வைத்திருந்தார். பக்கத்து அதிர்விலேயே, சுழலாமல் நிற்கும் உருளைகள் பாதையில் பள்ளம் போட்டுவிடும் என்று சொல்லி, வேறு அறையில் படுக்கையாக வைக்கச் சொன்னேன். எண்ணெய்க் காகிதத்தைப் பிரிக்க வேண்டாம் என்று பெட்டியின் மேல் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டியிருக்கிறது.